அலி மெட்ராஸில் பட்டத்துக்காக மோதினாரா?

குத்துச்சண்டை ஹெவிவெயிட் பட்டப்போட்டி நமக்குப் பல நேரம் விடியற்காலைச் சங்கதிதான். 2024 மே மாதம் ரியாத்தில் உசிக்கும் டைசன் ஃபியூரியும் ரிங்கில் ஏறியபோது அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. இங்கே கோவளத்திலும் மாமல்லபுரம் குப்பத்திலும் கடலுக்குக் கிளம்பும் வேளை. பொழுது விடிந்ததும் செங்கல்பட்டு டீக்கடைகளில் பஞ்சாயத்து தொடங்கிவிடும்: யார் ஜெயித்திருக்க வேண்டும், நடுவர் யார் பக்கம், அந்தக் காலத்து அலி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபின் வாத்தியார், பரம்பரை, ரோஷம் என்ற பேச்செல்லாம் வடசென்னையைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்துவிட்டது. அந்தப் பேச்சோடு சேர்ந்து வந்த சில நம்பிக்கைகளைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: "முகமது அலி மெட்ராஸில் பட்டத்துக்காக மோதினார்."

உண்மை: வந்தார், மோதினார், ஆனால் பட்டத்துக்காக இல்லை. 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் நேரு ஸ்டேடியத்தில் நடந்தது ஒரு கண்காட்சிப் போட்டி. எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். இருவருமே அமெரிக்காவின் லூயிவில் ஊர்க்காரர்கள். எல்லிஸ் பல வருடம் அலிக்கு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கூட்டாளி. 1968 முதல் 1970 வரை அவரே ஹெவிவெயிட் பட்டம் ஒன்றை வைத்திருந்தார். 1971-ல் ஹூஸ்டனில் அலியோடு நிஜமாகவே மோதித் தோற்றார். கண்ணில் பட்ட காயத்தால் 1975-லேயே ரிங்கை விட்டு ஒதுங்கியும் விட்டார்.

அலிக்கும் அப்போது 38 வயது. 1978 செப்டம்பரில் லியோன் ஸ்பிங்ஸை வென்று மூன்றாம் முறையாகப் பட்டம் பிடித்து, 1979-ல் ஓய்வை அறிவித்திருந்தார். பணயம் வைக்க அவரிடம் பட்டமே இல்லை. மெட்ராஸ் பார்த்தது ஓய்வுபெற்ற இரண்டு நண்பர்களின் விளையாட்டு. ஆனால் அதே 1980 முடிவதற்குள் அலி நிஜமான ஒரு பட்டப்போட்டிக்குள் போய்விட்டார். அந்தக் கதை பின்னால் வருகிறது.

நம்பிக்கை 2: "உலக சாம்பியன் என்றால் ஒருவர்தான்."

உண்மை: டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு அமைப்புகள், நான்கு பெல்ட்டுகள். ஒரே நேரத்தில் நான்கு 'உலக சாம்பியன்கள்' இருக்கலாம். 2024 மே 18 அன்று ஃபியூரியை வென்று உசிக் நான்கையும் ஒன்றாகச் சேர்த்தார். 1999-ல் லெனாக்ஸ் லூயிஸ் தனியொரு சாம்பியனாக நின்றதற்குப் பிறகு ஹெவிவெயிட்டில் அப்படி ஒருவர் வர கால் நூற்றாண்டு ஆனது. அந்த ஒற்றுமையும் சில வாரங்களே நீடித்தது. ஐ.பி.எஃப். பெல்ட் உசிக்கின் கையை விட்டுப் போய், ரிங்கில் அவரை ஒருமுறைகூட வெல்லாத டேனியல் டுபோவாவிடம் சேர்ந்தது. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டுபோவாவை ஐந்தாம் ரவுண்டில் வீழ்த்தித்தான் உசிக் அதைத் திரும்ப எடுத்தார். ஆகவே "பட்டப்போட்டி" என்று போஸ்டரில் பார்த்தால் முதலில் எந்தப் பட்டம் என்று கேளுங்கள்.

நம்பிக்கை 3: "ஹெவிவெயிட்டில் உருவம் பெரியவன்தான் ஜெயிப்பான்."

உண்மை: தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பிரிவுக்குக் கீழ் வரம்பு மட்டுமே உண்டு. 200 பவுண்டு, அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல் இருந்தால் போதும்; மேல் வரம்பே கிடையாது. மற்ற பிரிவுகளில் எடை பார்க்கும் நாளில் வீரர் தோற்றுப்போகலாம். ஹெவிவெயிட்டில் அது முழுக்க முழுக்கக் காமிராவுக்கான சடங்கு. 2024 டிசம்பரில் நடந்த மறுபோட்டிக்கு எடை பார்த்தபோது ஃபியூரி உசிக்கைவிட 25 கிலோ அளவுக்கு அதிகம் காட்டினார். மூன்று நடுவர்களும் உசிக்கே வென்றதாகப் புள்ளி போட்டார்கள்.

உடம்பைப் பார்த்து ஏமாந்ததற்குப் பெரிய உதாரணம் 2019 ஜூன் 1. நியூயார்க்கில், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஆண்டி ரூயிஸ், தொந்தியும் தொப்பையுமாக வந்து நின்றார். எதிரே சிலை மாதிரி அந்தோணி ஜோஷுவா. மூன்றாம் ரவுண்டில் முதலில் விழுந்தவர் ரூயிஸ்தான். எழுந்து, வேகமான கைகளால் அதே ரவுண்டில் ஜோஷுவாவை இரண்டு முறை சாய்த்தார். ஏழாம் ரவுண்டில் கதையை முடித்தார். அதற்காக எடை ஒரு பொருட்டே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஆறு மாதம் கழித்து நடந்த மறுபோட்டிக்கு ரூயிஸ் இன்னும் சதை போட்டு வந்தார். ரிங் முழுக்க ஜோஷுவாவைத் துரத்தியும் பிடிக்க முடியாமல் புள்ளிகளில் தோற்றார்.

மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போகிறவர்கள் அந்தப் போர்க்காட்சியை நின்று பார்க்கலாம். தண்டாயுதம் பிடித்த எருமைத்தலை மகிஷன் ஆள் பெரியவன். சிங்கத்தின் மேல் வில்லை வளைத்து வரும் தேவி மெல்லிய உருவம். ஆனால் பின்வாங்கிச் சாய்வது மகிஷனின் உடம்புதான். சண்டை யார் பக்கம் திரும்புகிறது என்பதை உருவத்தின் அளவில் காட்டாமல் உடம்பு சாயும் திசையில் காட்டியிருக்கிறான் பல்லவச் சிற்பி. ரிங்கிலும் அதைத்தான் கவனிக்க வேண்டும்: யாருடைய பாதம் பின்னால் போகிறது?

நம்பிக்கை 4: "நாக்-அவுட் என்பது முழுக்கக் கை பலம்."

உண்மை: பலம் வேண்டும்தான். ஆனால் ஆளை மயக்கத்தில் தள்ளுவது பெரும்பாலும் தலையின் திடீர்ச் சுழற்சி. தாடை முனையில் பக்கவாட்டில் அடி விழுந்தால் தலை சட்டென்று திரும்பும். ஓட்டுநர் பிரேக் போட்டதும் பஸ் நின்றுவிடும், நிற்கும் பயணி மட்டும் முன்னால் போவாரே, அதுபோல மண்டையோடு திரும்பினாலும் உள்ளே மூளை உடனே கூடத் திரும்பாது. அந்த இழுபறியில் மூளை நரம்புகள் இழுபட்டு, நினைவு கொஞ்ச நேரம் தப்புகிறது. வரும் அடியைப் பார்த்துவிட்டால் கழுத்துத் தசை இறுகித் தலையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பார்க்காத அடிதான் ஆளைச் சாய்க்கும்.

1994 நவம்பரில் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மேன், தன்னைவிடப் பத்தொன்பது வயது இளையவரான மைக்கேல் மூரரிடம் ஒன்பது ரவுண்டுகள் அடி வாங்கிக்கொண்டே இருந்தார். புள்ளிக்கணக்கில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார். பத்தாம் ரவுண்டில் அவர் கொடுத்தது கையை ஓங்கி வீசிய குத்து இல்லை. நேராக, கொஞ்ச தூரமே போன ஒரு வலக்கைக் குத்து. தாடையில் விழுந்தது, மூரர் மல்லாந்தார்.

நம்பிக்கை 5: "கிளவுஸ் தலையைக் காப்பாற்றும்."

உண்மை: கிளவுஸ் முதலில் காப்பது குத்துகிறவனின் கையை. வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் உடைவது பெரும்பாலும் கை எலும்பு. அதனால் வெறுங்கைக் காலத்தில் தலையில் அடிப்பதைக் கணக்காகவே செய்தார்கள். 1867-ல் வந்த குவீன்ஸ்பெர்ரி விதிகள் கிளவுஸைக் கட்டாயமாக்கின. கை பத்திரமானபின் தலையில் அஞ்சாமல், திரும்பத் திரும்ப அடிக்க முடிந்தது. முகத்தில் கிழிசல் குறைந்தது. மூளைக்குப் போகும் அதிர்ச்சி குறையவில்லை.

தலைக்கவசமும் அப்படித்தான். புருவக் கிழிசலையும் காது வீக்கத்தையும் தடுக்கும். தலை சுழல்வதைத் தடுக்காது. 2013-ல் அமெச்சூர் ஆண்கள் போட்டிகளிலிருந்து அதை எடுத்தபோது பெரிய வாதப் பிரதிவாதம் நடந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்கவசம் இல்லாமலே மோதினார்கள்.

நம்பிக்கை 6: "விழுந்தவன் தோற்றான், மணி அடித்தால் தப்பித்தான், பத்து எண்ணினால் பத்து விநாடி."

உண்மை: மூன்றுமே முழுச் சரி இல்லை. விழுந்தால் அந்த ரவுண்டில் பொதுவாக 10-8 என்று ஒரு புள்ளி கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் டியோன்டே வைல்டர், ஃபியூரியை ஒன்பதாம், பன்னிரண்டாம் ரவுண்டுகளில் சாய்த்தார். பன்னிரண்டாவதில் ஃபியூரி கட்டையாகக் கிடந்தார். எண்ணிக்கை முடியும் முன் எழுந்து நின்றார். முடிவில் ஒரு நடுவர் வைல்டருக்கு 115-111, ஒருவர் ஃபியூரிக்கு 114-112, மூன்றாமவர் 113-113. சமன். சமனானால் பட்டம் இருந்தவரிடமே இருக்கும். அதனால் வைல்டர் பெல்ட்டோடு வீட்டுக்குப் போனார்.

மணி விஷயம்: இன்று பரவலாகப் பின்பற்றப்படும் ஒருங்கிணைந்த விதிகளின்படி, விழுந்தவரை எந்த ரவுண்டிலும் மணி காப்பாற்றாது. எண்ணிக்கை தொடரும்.

பத்து விநாடிக்கு உதாரணம் 1927 சிகாகோ. ஏழாம் ரவுண்டில் ஜாக் டெம்ப்சி, சாம்பியன் ஜீன் டன்னியைச் சாய்த்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். சாய்த்தவர் தூர மூலைக்குப் போனால்தான் எண்ண வேண்டும் என்பது விதி. டெம்ப்சி நகர்ந்தபின்தான் நடுவர் ஒன்றிலிருந்து தொடங்கினார். டன்னி ஒன்பதில் எழுந்தார். ஆனால் அவர் தரையில் இருந்தது சுமார் பதினான்கு விநாடி. பட்டம் அவரிடமே தங்கியது. இன்றைக்கும் அது தீராத வழக்கு.

நம்பிக்கை 7: "ஆள் இளைத்து, முறுக்கேறி வந்தால் தயார் என்று அர்த்தம்."

உண்மை: மீண்டும் 1980. மெட்ராஸிலிருந்து போன அலி, ஓய்வை முறித்துக்கொண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் சாம்பியன் லாரி ஹோம்ஸோடு பட்டத்துக்காக மோத ஒப்புக்கொண்டார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அவருக்கே ஸ்பாரிங் கொடுத்தவர். உடல்நிலை பற்றிக் கேள்வி எழுந்ததால் ஜூலையில் மாயோ கிளினிக்கில் அலிக்குப் பரிசோதனை நடந்தது. மூக்கைத் தொடச் சொன்னபோது விரல் தடுமாறியது, ஒற்றைக் காலில் தாவச் சொன்னபோது சீராக வரவில்லை என்பதெல்லாம் அறிக்கையில் இருந்தது. அப்படியும் லைசென்ஸ் கிடைத்தது.

போட்டிக்கு முன் வந்த படங்களில் அலி இளமையாக இருந்தார். எடை நன்றாகக் குறைந்திருந்தது, நரைத்த தலைமுடி கறுப்பாகியிருந்தது. ரசிகர்கள் குதித்தார்கள். அந்த இளைப்புக்கு உழைப்பைவிடத் தைராய்டு மாத்திரையும் எடை குறைக்கும் மருந்தும்தான் காரணம் என்பது பிறகு தெரியவந்தது. ரிங்கில் வியர்வைகூடச் சரியாக வரவில்லை, கால் நகரவில்லை. மூன்று நடுவர்களும் எல்லா ரவுண்டுகளையும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். பத்தாம் ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். எதிர்பார்ப்புக் காலத்தில் நமக்குக் காட்டப்பட்டது கண்ணாடி முன்னால் நின்ற உடம்பு. மருத்துவரின் மேஜையில் இருந்த உடம்பை யாரும் பார்க்கவில்லை.

நம்பிக்கை 8: "அடி வாங்கித் தோற்றவனுக்குத்தான் பாதிப்பு; அலியின் கைநடுக்கத்துக்குக் குத்துச்சண்டை ஒன்றே காரணம்."

உண்மை: முதல் பாதி தவறு. 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் அலி வென்றது, ஜோ ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் பதினான்காம் ரவுண்டுக்குப் பிறகு தன் ஆளை வெளியே விடாததால்தான். ஜெயித்தவரும் நிற்கத் திராணியில்லாமல் சரிந்தார். மூளை, வெற்றிக்கு ஒரு கணக்கு, தோல்விக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்வதில்லை; விழுந்த அடிகளை மட்டுமே கூட்டுகிறது. போட்டி இரவின் அடிகளைவிட ஜிம்மில் ஆண்டுக்கணக்கில் விழும் அடிகள் அதிகம். ஸ்பாரிங்கில் எதிராளியை வேண்டுமென்றே அடிக்கவிட்டு உடம்பைப் பழக்கியவர் அலி. அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் பேச்சுக் குழறலையும் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்.

இரண்டாம் பாதி அவ்வளவு நேரானது இல்லை. 1984-ல் அலிக்கு பார்க்கின்சன் நோய் என்று அறிவிக்கப்பட்டது. அடிகளால் வந்ததா, குத்துச்சண்டை இல்லாமலேயே வந்திருக்கக்கூடிய பார்க்கின்சனா என்பதில் நரம்பியல் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பல ஆண்டு அவரைப் பரிசோதித்தவர்களில் சிலர் இரண்டாவதையே சொன்னார்கள். ஒன்று மட்டும் நிச்சயம். அன்று நேரு ஸ்டேடியத்தில் சிரித்து விளையாடிய இருவரில் எல்லிஸ் நினைவு மங்கும் நோயோடு வாழ்ந்து 2014-ல் இறந்தார், அலி 2016-ல்.

கடைசியாக, பிள்ளையை பாக்சிங்கில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு. வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காலடி, மூச்சு, கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து வரும் நல்ல வித்தை அது. வாத்தியாரிடம் எத்தனை மெடல் என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் தலையில் அடி விழும் ஸ்பாரிங்? தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே நிறுத்துகிறவர் யார்? டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை திரும்ப ரிங்கில் ஏற்றமாட்டீர்கள்தானே? இந்த மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்கிறவரிடம் நம்பி விடுங்கள். "இதெல்லாம் பார்த்தால் பாக்சர் ஆக முடியுமா?" என்று சிரிக்கிறவர், எத்தனை கோப்பை அடுக்கி வைத்திருந்தாலும் வேறு வாத்தியாரைத் தேடுங்கள்.