கால்நடை ஆய்வாளர் தொழில்

செம்பரம்பாக்கத்து ஏரியைச் சூழ்ந்த ஊர்களில் விடியுமுன்னரே இருவகை ஒலி கேட்கும். ஒன்று, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளின் ஒலி; மற்றொன்று, கறவைக்கு நிற்கும் பசுவின் குரல். இவ்விரண்டனுள் எதன்வழிச் செல்வதென்பதே, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய எம் இளவலைக் குறித்து எம் மனையில் எழுந்துள்ள வழக்கு. தந்தையார் தொழிற்சாலை என்கின்றனர். அவனோ கால்நடை ஆய்வாளர் ஆகவேண்டும் என்கின்றான். "மாட்டுக்கு ஊசி போடுகிறவனுக்கு யாரப்பா பெண் கொடுப்பார்?" என்று அத்தையார் வினவியபோது, தமிழில் மாட்டு வாகடச் சுவடிகள் உண்டென யாம் விடையிறுத்தோம். அவ்விடை அவருக்குச் சுவைக்கவில்லை. ஆதலின் ஈண்டுச் சிறிது விரித்துக் கூறுதும்.

கால்நடை ஆய்வாளர் மருத்துவர் அல்லர். பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், உரிய சான்று பெற்றவர் தடுப்பூசி இடுதல், காயடித்தல், புண்ணுக்குக் கட்டுதல் முதலிய சிறு பணிகளைச் செய்யலாம் என 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் வரையறுத்தது. 'சிறு பணி' என்ற பெயரே இகழ்ச்சிக்கு இடமாயிற்று போலும்! வெக்கை நோயின் வரலாற்றை நோக்குக. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கல்லூரி மருத்துவரைப் பயிற்றியது. இராணிப்பேட்டையில் 1932-இல் நிறுவப்பெற்ற நிலையம் நோய்த்தடுப்பு மருந்துகளை ஆக்கியது. எனினும் மருந்து தானே நடந்து தொழுவஞ் சேராது. அதனைச் சூடு படாமற் காத்து, ஊர் ஊராகச் சுமந்து சென்று, திமிறும் மாட்டைப் பிடித்து ஊசியிட்டவர் பலர். அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததென 2011-இல் அறிவிக்கப்பெற்றது. பெரியம்மைக்குப் பின் மனிதர் முற்றும் ஒழித்த நோய் அஃதொன்றே.

இனி, எம்மூரார் நன்கறிந்த சினை ஊசியைக் கூறுவாம். உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜன் குடுவையில், பூச்சியத்திற்குக் கீழ் 196 பாகைக் குளிரில் இருக்கும். ஆய்வாளர் ஒரு குச்சியை எடுத்து, 37 பாகை வெந்நீரில் அரை நிமிடம் இட்டு உருக்கிக் காலந் தாழ்த்தாது செலுத்துதல் வேண்டும். நீரின் சூடு தவறின் உயிரணுக்கள் மடியும். காலையிற் பருவ அறிகுறி கண்ட பசுவுக்கு மாலையிலும், மாலையிற் கண்டதற்கு மறுநாட் காலையிலும் ஊசியிடுவர். அவ்வேளை தப்பினால் அடுத்த பருவத்திற்கு ஏறக்குறைய 21 நாள் காத்திருத்தல் வேண்டும். அந்நாள்களின் தீவனச் செலவு யார் தலைமேல் விழும் என்பதை ஒற்றைப் பசு வைத்துள்ள கைம்பெண்ணைக் கேட்டால் அறியலாம். மருத்துவர் அமர்ந்திராத கால்நடைக் கிளை நிலையங்களில் அவளுக்கு முதற்றுணை இவ்வாய்வாளரே. தம்மால் ஆகாததை உடனே உணர்ந்து மருத்துவரை அழைப்பதும் இத்தொழிலின் திறமேயாம். எம் கருத்தில், ஊசி பிடிக்கும் கைத்திறத்தினும் அஃது அரிது.

சென்ற மாதம் எம் பசு இரவெல்லாம் கத்தியது. வழும்பு கண்ணாடிபோல் ஒழுகுவதை இளவல் விடியலிற் கண்டு, ஆய்வாளர்க்குச் செய்தி சொல்லி, மாலைவரை அதனைக் கட்டிக் காத்திருந்தான். தந்தையார் இன்னும் இசைந்திலர். ஆயினும் தொழுவத்தில் ஏதேனும் அரவங் கேட்பின், இப்போது அவர் எழுப்புவது அவனையே.