முரிக்கி என்னும் குரங்கு

பிள்ளைகளின் நிலப்பட நூலில் தென் அமெரிக்கப் படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேசில் நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டி நீண்டு கிடந்த காடு அட்லாண்டிக் காடு. அமேசான் காடு வேறு, இது வேறு. மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. கரும்புக்கும் காப்பிக்கும் மேய்ச்சலுக்குமாக இதன் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சிய துண்டுகளில்தான் முரிக்கி வாழ்கிறது.

அமெரிக்கக் கண்டங்களின் குரங்குகளுள் உருவத்தில் இதுவே பெரியது. வால் இதற்கு ஐந்தாவது கை. வால்நுனியின் உட்புறம் மயிரின்றி இருப்பதால் கிளையை இறுகப் பற்றும். இலையும் பழமும் பூவுமே உணவு. பகலில் ஏறத்தாழப் பாதி நேரம் ஓய்விலேயே கழிகிறது.

ஆண் குரங்குகள் தம்முள் பொருது, வென்றது தலைமை ஏற்கும் என்பதே முன்னாளில் அறிஞர் பலரின் எண்ணம். 1982இல் கேரன் ஸ்ட்ரையர் என்னும் அமெரிக்கப் பெண் ஆய்வாளர் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் கராட்டிங்காவை அடுத்த காட்டிற்குச் சென்று, பின்னர்ப் பல்லாண்டுகள் இவற்றைக் கண்காணித்தார். அங்கே தலைவன் என்று ஒன்று இல்லை. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே பருமன். ஒன்றை ஒன்று அடக்குவதில்லை. துணை நாடும் காலத்திலும் ஆண்களிடையே போர் மிக அரிது. வாலால் தொங்கியபடியே ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றன. ஆயினும் மிகைபடக் கூறலாகாது: தென்பகுதி முரிக்கிகள் தம் கூட்டத்து ஆண் ஒன்றைத் தாக்கிக் கொன்ற செய்தி 2009இல் ஆய்விதழில் வெளிவந்துள்ளது.

மகன்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிட, மகள்கள் ஆறு வயதளவில் வேறு கூட்டம் தேடிப் புறப்படுகின்றன. புகுந்த வீடு செல்வது அங்கும் பெண்தான் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

கராட்டிங்காக் காடு பிழைத்தது ஒரு காப்பித் தோட்டக்காரரால். 1944இல் அந்நிலத்தை வாங்கிய ஃபெலிசியானோ மிகேல் அப்தாலா, காட்டை வெட்டாமல் காத்தார். அவர் 2000இல் மறைந்தார். மறு ஆண்டு 957 ஹெக்டேர் காடு அவர் பெயரிலேயே காப்பகமாயிற்று. 1982இல் ஏறத்தாழ 50 ஆக இருந்த முரிக்கிகள் 2015 அளவில் 300ஐக் கடந்தன. அடுத்து 2016-17இல் மஞ்சள் காய்ச்சல் பரவியபின் எண்ணிக்கை குறைந்தது. தாய் ஈனுவது ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒரு குட்டி. இழந்ததை விரைவில் ஈடுசெய்ய இயலாது.

இன்னொரு இடரும் உண்டு. காட்டுத் துண்டுகளுக்கு இடையே கிடப்பவை வெட்ட வெளிகள். மரத்திற்கு மரம் தாவிப் பழகிய மகள் எவ்வழியே போவாள்? இடைநிலத்தில் மரம் நட்டுக் காடுகளை இணைக்கும் பணி அங்கு நடைபெற்று வருகிறது.