திசை மாறிய அம்பு

நுழையும்முன்

வென்ற முயற்சிகளின் வரலாற்றையே நாம் மிகுதியாகப் படிக்கிறோம். வானில் பறந்து தன் ஆற்றலைக் காட்டியும் படையில் சேராமல் போன வானூர்தி ஒன்றை இப்பாடம் அறிமுகம் செய்கிறது. ஒரு முயற்சி நின்றபின் அதில் விளைந்த அறிவு என்னவாகிறது என்பதை எண்ணிப் பார்ப்போம்.

முன்மாதிரி

புதிய வானூர்தியை உருவாக்குவோர் முதலில் ஒன்றிரண்டை மட்டும் கட்டிப் பறக்கவிட்டுப் பார்ப்பர். இவை முன்மாதிரிகள் எனப்படும். தாளில் போட்ட கணக்கு வானத்தில் பொருந்துகிறதா என்பதை இவை காட்டும். குறைகளைக் களைந்த பின்னரே தொடர் உற்பத்தி தொடங்கும். அந்நிலையை எட்டாமலே நின்றுபோன போர் வானூர்திகள் பல. அமெரிக்காவின் எக்ஸ்பி-70, பிரிட்டனின் டிஎஸ்ஆர்-2 ஆகியன அவற்றுள் சில. கனடாவின் 'ஆரோ' அவ்வரிசையில் தனியிடம் பெற்றது. ஆரோ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அம்பு என்பது பொருள்.

வடதுருவ வழி

இரண்டாம் உலகப்போருக்குப்பின் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எதிரெதிராக நின்றன. உலக உருண்டையைக் கையிலெடுத்துப் பார்த்தால், அவ்விரு நாடுகளுக்கும் இடையிலான குறுகிய வழி வடதுருவப் பகுதியின்மீது செல்வது புலப்படும். அவ்வழியே குண்டுவீச்சு வானூர்திகள் வந்தால் கனடாவின் வான்வெளியையே கடக்க வேண்டும். அவற்றைத் தொலைவிலேயே இடைமறிக்கும் விரைவான வானூர்தியை உருவாக்கும் பணியை, டொராண்டோவை அடுத்த மால்டனில் இயங்கிய ஆவ்ரோ கனடா நிறுவனம் ஏற்றது.

அம்பின் வடிவம்

ஒலியினும் விரைந்து பறக்கச் சிறகு மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய சிறகோ வலுக்குன்றும். எரிபொருளுக்கும் போதிய இடம் தராது. முக்கோணச் சிறகு இச்சிக்கலைத் தீர்த்தது. அதன் அடிப்பகுதி வானூர்தியின் உடலோடு நீளமாக இணைவதால் உறுதி குறைவதில்லை. எரிபொருளுக்கும் உள்ளே இடம் கிடைக்கிறது. விமானியின் கைப்பிடி அசைவை மின்குறிப்பாக மாற்றிச் சிறகின் அசையும் பகுதிகளை இயக்கும் முறையும் ஆரோவில் அமைந்தது. இன்று பரவலாக உள்ள இம்முறை அன்று மிக அரிது.

காலத்தை மிச்சப்படுத்த ஆவ்ரோ துணிந்து ஒரு முடிவெடுத்தது. தனியே முன்மாதிரி கட்டுவதைத் தவிர்த்து, தொடர் உற்பத்திக்குரிய கருவிகளைக் கொண்டே முதல் வானூர்தியைக் கட்டியது. முதல் ஐந்து வானூர்திகளே முன்மாதிரிகளின் பணியைச் செய்தன. இதனால், பறந்து பார்க்கும் முன்னரே பெரும்பொருள் செலவாயிற்று.

ஒரே நாளில் இரு நிகழ்வுகள்

1957 அக்டோபர் 4 அன்று ஆரோ மக்கள்முன் காட்சிக்கு வந்தது. அதே நாளில் சோவியத் ஒன்றியம் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியது. செயற்கைக்கோளை விண்ணுக்கு ஏற்றும் ஏவுகணை, அணுகுண்டையும் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து செல்லும். அதனை இடைமறிக்க எந்த வானூர்தியாலும் இயலாது. எனவே, ஆரோ இனித் தேவையா என்னும் வினா எழுந்தது.

1958 மார்ச் 25 அன்று யானுஷ் ஜுராகோவ்ஸ்கி ஆரோவை முதன்முறையாக வானில் செலுத்தினார். பின்வந்த சோதனைகளில் அது ஒலியைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரைவை எட்டியது.

கறுப்பு வெள்ளி

1959 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. திட்டம் கைவிடப்பட்டதாகக் கனடா பிரதமர் ஜான் டீஃபன்பேக்கர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஆவ்ரோவின் பணியாளர்கள் ஆயிரக்கணக்கானோர் அன்றே வேலையிழந்தனர். செலவு பெருகியது, வாங்குவதற்கு வேறு நாடு முன்வரவில்லை, ஏவுகணைக் காலம் பிறந்துவிட்டது என்பன அரசின் காரணங்கள். எனினும், இரண்டே ஆண்டுகளில் இடைமறிப்புப் பணிக்கு அமெரிக்க வானூர்திகளைக் கனடா பெற நேர்ந்தது. அம்முடிவு சரியா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை.

விவாதத்திற்கு இடமற்ற இழப்பு ஒன்றுண்டு. பறந்த ஐந்து வானூர்திகளும் தொழிற்சாலையில் உருவாகிக்கொண்டிருந்தவையும் துண்டுதுண்டாக வெட்டப்பட்டன. வரைபடங்களையும் அழிக்க ஆணையிடப்பட்டது. திட்டத்தை நிறுத்தியதால் பணம் மிஞ்சியிருக்கலாம்; பதிவுகளை அழித்ததால் பின்வந்த தலைமுறை கற்றிருக்க வேண்டியது மறைந்தது.

நிலவை நோக்கி

அமெரிக்காவின் நாசா அப்போது மனிதரை விண்ணுக்கு அனுப்ப முனைந்திருந்தது. ஆவ்ரோவின் பொறியாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் அங்குச் சேர்ந்தனர். ஜிம் சேம்பர்லின், இருவர் செல்லும் ஜெமினி விண்கலத் திட்டத்தை அதன் தொடக்கத்தில் வழிநடத்தினார். ஓவன் மேனார்டு, நிலவில் இறங்கும் கலத்தின் வடிவமைப்பில் பெரும்பங்கு ஆற்றினார். ஜான் ஹாட்ஜ், விண்பயணங்களைத் தரையிலிருந்து நெறிப்படுத்தினார். 1969 ஜூலையில் மனிதர் நிலவில் கால்பதித்தபோது, ஆரோவில் பெற்ற பட்டறிவும் அதில் பங்கு கொண்டிருந்தது. ஆனால், அவ்வறிவை வளர்த்த நாடு அதனை இழந்திருந்தது. அதன்பின் கனடா, ஒலியினும் விரைந்து பறக்கும் போர் வானூர்தியைத் தானே வடிவமைத்துக் கட்டவில்லை.

கருவி உடைந்தாலும் அதனை ஆக்கியோரிடம் அறிவு வாழும். அவர்கள் பிரிந்து, குறிப்புகளும் அழிந்தால் அந்த அறிவைத் திரும்பப் பெறுதல் அரிது. எதிர்பார்த்த விடை கிட்டாத சோதனையையும் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது இதனாலேயே.

தெரிந்து தெளிவோம்

ஏறத்தாழக் கட்டி முடிக்கப்பட்டிருந்த ஆறாவது ஆரோவின் முன்பகுதி, ஒட்டாவாவிலுள்ள கனடா வானூர்தி, விண்வெளி அருங்காட்சியகத்தில் உள்ளது. சிறகின் வடிவத்தைச் சோதிக்க ஏவுகணையில் பொருத்திச் செலுத்தப்பட்ட சிறு மாதிரிகளுள் ஒன்று, 2018இல் ஒண்டாரியோ ஏரியின் அடியிலிருந்து மீட்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

'பெருஞ்செலவில் தொடங்கிய திட்டத்தைப் பாதியில் நிறுத்தலாமா?' என்னும் தலைப்பில் இரு அணிகளாகச் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா: முன்மாதிரி என்பது யாது?

சிறுவினா: முக்கோணச் சிறகின் பயன்களை விளக்குக.

நெடுவினா: திட்டத்தை நிறுத்துதல், அதன் பதிவுகளை அழித்தல் ஆகிய இரண்டன் விளைவுகளையும் ஆரோவின் வரலாறு கொண்டு ஒப்பிட்டு எழுதுக.