மேற்கோளும் ஏதுவும்

நாம் நாள்தோறும் பேசுவனவற்றுட் சில வினாக்கள், சில வேண்டுகோள்கள், சில ஐயங்கள். ‘இது இவ்வாறுதான்’ என்று துணிந்து கூறுதல் இவற்றின் வேறானது. ‘மழை வருமோ?’ என்று கேட்பவருக்குப் பொறுப்பில்லை. ‘மழை வரும், நெல்லை அள்ளுங்கோ’ என்பவரோ தமது சொல்லுக்குத் தாமே பிணை நிற்கின்றார். பிறர் அதனை நம்பிச் செயற்படுவர்.

எமது பேச்சுவழக்கு இவ்வேறுபாட்டை நன்கு காட்டுகின்றது. தாம் கண்டதை ‘வந்தார்’ என்போம். பிறர் சொல்லக் கேட்டதை ‘வந்தாராம்’ என்போம். ‘ஆம்’ என்னும் அச்சிறு சொல், ‘இதற்கு நான் பொறுப்பல்ல’ என்று உணர்த்துகின்றது. ஆனால் ‘காசை எடுத்தாராம்’ என்று புறப்பட்ட கதை, மூன்றாம் வாயில் ‘எடுத்தார்’ என ஆகிவிடுகின்றது. ‘ஆம்’ விழுந்த இடத்திலே ஒருவரின் மானமும் விழுகின்றது.

சட்டத்திலும் இப்பொறுப்பு உண்டு. சத்தியக்கடதாசி முடிப்பவர், தாம் நேரில் அறிந்தவற்றையே கூறவேண்டும் என்பது பொதுவிதி. பொய்யென அறிந்தும் உறுதி கூறுவது தண்டனைக்குரியது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஒன்றை உண்டென்று சொல்பவரே அதனை எண்பிக்கவேண்டும் என விதிக்கின்றது.

சைவ சித்தாந்தம் இதனை முன்னரே கைக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களை உடையது. ஒவ்வொரு கருத்தும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் நிறுவப்படுகின்றது. இங்கு மேற்கோள் என்பது பிறர் கூற்றை எடுத்தாளுதல் அன்று. தாம் நிலைநாட்ட எடுத்துக்கொண்ட துணிபாகும். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கும் என்பது முதலாவது மேற்கோள். தோற்றமும் ஈறும் உள்ள பொருளிடத்தே காணப்படுதல் அதற்கு ஏது. இறைவன் உண்மையைக் கூறவந்த ஞானாசிரியரே ‘நான் சொல்கின்றேன், நம்புங்கள்’ என்று அமையவில்லை; காரணமும் காட்டினார்.

அயலவரைப் பற்றி ஒரு சொல் சொல்லும் நாம் எத்துணை எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்! கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் சொல்வோம். ஏது இல்லாதவிடத்து மௌனமாயிருப்போம். கற்பூர தீபத்தின் முன் நின்று சொல்லத் துணியாத சொல்லை வீதியிலும் சொல்லாதிருக்க எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் புரிவாராக.