பசு, தீ, பறக்கும் பன்றி

இன்று நாம் கைப்பேசியில் பாடல் கேட்கிறோம். பாடலுடன் தோன்றும் படம் கட்டைவிரல் அளவே இருக்கும். 1970களில் பாடல்கள் பெரிய இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அவற்றின் அட்டை உறை ஏறக்குறைய 12 அங்குலச் சதுரம். கடைக்கு வருபவரின் கண்ணில் முதலில் படுவது அந்த உறைதான். ஆகவே, பல இசைக்குழுவினர் தங்கள் முகத்தையும் பெயரையும் அதில் பெரிதாக அச்சிட்டனர்.

பிரிட்டனைச் சேர்ந்த ராக் இசைக்குழுவான பிங்க் ஃப்ளாய்ட் வேறு வழியில் சென்றது. 1970இல் வெளிவந்த ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ இசைத்தொகுப்பின் முகப்பில் ஒரு பசு மட்டுமே நின்றது. புல்வெளியில் நின்று திரும்பிப் பார்க்கும் சாதாரணப் பசு. குழுவின் பெயர் இல்லை. தொகுப்பின் பெயரும் இல்லை. உறையை வடிவமைத்தவர் ஸ்டார்ம் தோர்கர்சன். லண்டனுக்கு வெளியே சென்று, தாம் கண்ட முதல் பசுவையே படமெடுத்ததாக அவர் கூறியுள்ளார். வெளியீட்டு நிறுவனத்தாருக்கு இது பிடிக்கவில்லை. பெயரே இல்லாத தட்டை யார் வாங்குவார்? அவர்களின் கவலை நியாயமானதுதான். ஆயினும், அத்தொகுப்பு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

தோர்கர்சனும் அவர் நண்பர் ஆப்ரி பவலும் ‘ஹிப்னோசிஸ்’ என்னும் வடிவமைப்பு நிறுவனத்தை நடத்தினர். 1973இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ உறை இவர்களுடையதே. கறுப்புப் பின்னணியில் ஒரு முப்பட்டகக் கண்ணாடி. அதனுள் நுழையும் வெள்ளொளி வண்ணங்களாகப் பிரிகிறது. அறிவியல் பாடநூலில் காணும் படம் போன்றது. வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. அவர் கருநீலத்தை விட்டுவிட்டார். எண்ணிப் பார்த்தால் ஆறு வண்ணங்களே இருக்கும்!

1975இல் வெளியான ‘விஷ் யூ வேர் ஹியர்’ உறையில் இருவர் கைகுலுக்குகின்றனர். ஒருவரின் உடலில் தீ எரிகிறது. கணினியில் படத்தை மாற்றியமைக்கும் வசதி அன்று இல்லை. எனவே, ரோனி ராண்டல் என்ற சாகசக் கலைஞர் பாதுகாப்பு உடைக்கு மேல் கோட்டு அணிந்து, உண்மையாகவே தீயுடன் நின்றார். காற்று எதிர்த்திசையில் வீசியதால் தீ அவர் முகத்தில் பட்டு, மீசை பொசுங்கியது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தைக் கறுப்பு நெகிழித்தாளால் மூடியே கடைகளுக்கு அனுப்பினர். ஒருவர் நம்முடன் இல்லாத வெறுமையே அப்பாடல்களின் கருப்பொருள். அதனால் உறையும் மறைந்தே இருக்கட்டும் என்று எண்ணினர்.

‘அனிமல்ஸ்’ உறைக்காக 1976 டிசம்பரில் லண்டனின் பேட்டர்சீ மின் நிலையத்தின் மேல் ஹீலியம் வாயு நிரப்பிய பெரிய பன்றி பலூனைப் பறக்கவிட்டனர். பலூன் அறுத்துக்கொண்டால் சுட்டு வீழ்த்த, முதல் நாள் ஒருவர் துப்பாக்கியுடன் காத்திருந்தார். இரண்டாம் நாள் அவரை அழைக்கவில்லை. அன்றுதான் கயிறு அறுந்தது! பன்றி ஹீத்ரோ விமானப் பாதையை நோக்கி மிதந்தது. விமானச் சேவைகள் பாதிக்கப்பட்டன. இறுதியில் அது கென்ட் வட்டாரப் பண்ணையொன்றில் இறங்கியது. மறுபடியும் பறக்கவிட்டுப் படமெடுத்தனர். ஆனால், அன்று வானம் தெளிவாக இருந்தது. முதல் நாளின் கருமேகங்களே அழகாக இருந்தன. முடிவில், முதல் நாள் வானத்தில் பிந்திய நாள் பன்றியை ஒட்டினர்.

1987இல் வந்த ‘எ மொமென்டரி லேப்ஸ் ஆஃப் ரீசன்’ உறைக்கு அப்படி ஒட்டு வேலை செய்ய தோர்கர்சன் விரும்பவில்லை. இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் சுமார் 700 இரும்புக் கட்டில்களை மெத்தையுடன் வரிசையாகப் போடச் செய்தார். மழை வந்துவிட்டது. கட்டில்கள் அனைத்தையும் அகற்றினர். பிறகு வேறொரு நாளில் மீண்டும் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் படமெடுத்தனர்.