இணைப்புப் பட்டியலில் தெரிவது யார்?

மேல்நிலை வகுப்பில் மைஎஸ்கியூஎல் பாடம் நடத்தும்போது, மாணவர்கள் அனைவரும் ஒரே சர்வரில் பயிற்சி செய்வதுண்டு. ஓர் அட்டவணை அழிந்துவிட்டால், 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' தரும் பட்டியலைப் பார்த்து, "இந்தக் கணினியில் இருப்பவர்தான் அழித்தார்" என்று முடிவு செய்யலாமா? கூடாது.

அந்தப் பட்டியல் அந்த நேரத்து இணைப்புகளை மட்டுமே காட்டும். 'யூசர்' என்பது உள்நுழைந்த கணக்கின் பெயர். வகுப்பு முழுவதற்கும் ஒரே கணக்கு என்றால் ஆளை அறிய இயலாது. 'ஹோஸ்ட்' என்பது இணைப்பு வந்து சேர்ந்த முகவரி. இடையிலுள்ள ரூட்டர் முகவரியை மாற்றி அனுப்பினால், 20 கணினிகளுக்கும் ரூட்டரின் ஒரே முகவரிதான் தெரியும். போர்ட் எண் மட்டும் வேறுபடும்.

செயல்பாடு

1. ஒவ்வொரு மாணவரும் 'செலக்ட் கனெக்ஷன்_ஐடி()' என்ற கட்டளையை இயக்கி, வரும் எண்ணைத் தம் கணினி எண்ணுக்கு நேராகக் கரும்பலகையில் எழுதட்டும்.

2. ஆசிரியர் அவற்றைப் பட்டியலின் 'ஐடி' எண்களுடன் ஒப்பிட வேண்டும். பிறரது இணைப்புகளைக் காண 'பிராசஸ்' அனுமதி தேவை. மீண்டும் இணைந்தால் எண் மாறிவிடும்.

3. அடுத்து 'செலக்ட் யூசர்(), கரண்ட்_யூசர்()' இயக்கச் செய்யலாம். முதலாவது, மாணவர் கொடுத்த பெயரும் வந்த இடமும். இரண்டாவது, சர்வர் ஏற்றுக்கொண்ட கணக்கு. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டுக் கலந்துரையாடலாம்.

மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்கித் தருவது குழப்பத்தைப் பெரிதும் குறைக்கும். அப்போதும், கணக்கின் பெயரை மட்டும் வைத்து ஒரு மாணவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். அந்தக் கடவுச்சொல்லைப் பிறரும் அறிந்திருக்கலாம்.