முதலாளிக்கும் அட்மின் உரிமை வேண்டாம்

கேள்வி: சிராங்கூன் சாலையில் எங்கள் அலுவலகத்தில் எட்டு மெய்நிகர் கணினிகள். எல்லாருக்கும் அட்மின் உரிமை. பறித்துவிடலாமா?

பதில்: இன்றே பறியுங்கள், முனகினால் முனகட்டும். 2018-இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடுபோனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்துக் குறிப்பும் தப்பவில்லை. விசாரணையில் தெரிந்தது: சிட்ரிக்ஸ் சர்வரில் அட்மின் உரிமையுள்ள ஒரு கணக்கின் கடவுச்சொல், 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லேதான். 'ஏ'வுக்குப் பதில் @, 'ஓ'வுக்குப் பதில் பூஜ்யம். அவ்வளவுதான் பூட்டு! அபராதம் மொத்தம் 10 லட்சம் வெள்ளி.

அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு போதும். ஸ்னாப்ஷாட் (கணினியின் சேமித்த நிலை) அழிப்பது, மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஹைப்பர்வைசருக்குள் நுழைவது இரண்டும் இருவரோடு நிற்கட்டும். முதலாளி கேட்டாலும் கொடுக்காதீர்கள். வேலையைவிட்டுப் போனவர்களின் கணக்குகளை முதலில் மூடுங்கள்.